விமானம் வேறு முனையத்துக்கு மாறும்போது: சென்னைப் பயணிகளுக்கான வழிகாட்டி

சென்னை விமான நிலையத்தில் டி1, டி2, டி4 என மூன்று முனையங்கள் இயங்குகின்றன. டி3 என்று ஒன்று இப்போது கிடையாது. புதிய ஒருங்கிணைந்த முனையக் கட்டடத்தின் முதல் கட்டம் 2023 ஏப்ரல் 8 அன்று டி2 என்ற பெயரில் திறந்துவைக்கப்பட்டு, அந்த ஆண்டிலேயே வெளிநாட்டு விமானங்கள் படிப்படியாக அங்கே கொண்டுசெல்லப்பட்டன. பழைய டி3 கட்டடம் இரண்டாம் கட்டப் பணிக்காக இடிக்கப்பட்டது. அதுவரை வெளிநாட்டுப் பயணிகள் பயன்படுத்திவந்த டி4, உள்நாட்டு முனையமாக மாற்றப்பட்டது. ஆக, உள்நாட்டுப் பயணிகளுக்கு டி1, டி4 என இரண்டு கட்டடங்களும், அவை இரண்டுக்கும் நடுவே வெளிநாட்டுப் பயணிகளுக்கான டி2 கட்டடமும் இருப்பதே இன்றைய அமைப்பு.

இதில் பயணியைத் தடுமாற வைப்பது தூரம் அல்ல, பழக்கம். பல ஆண்டுகளாக நம் ஊரில் "டொமஸ்டிக்" என்றால் ஒரு கட்டடம், "இன்டர்நேஷனல்" என்றால் இன்னொரு கட்டடம் என்பதே கணக்கு. மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ போகிறவர் வண்டியில் ஏறியதும், ஓட்டுநர் "டொமஸ்டிக்தானே சார்?" என்று கேட்க, இவரும் "ஆமாம்பா" என்று சொல்லிவிட, வண்டி நேராக டி1 வாசலில் போய் நிற்கும். வாயிலில் நிற்கும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை வீரர் பயணச்சீட்டைப் பார்த்துவிட்டு "டி4" என்று கையைக் காட்டும்போதுதான், முன்பு சிங்கப்பூர் போகிறவர்களை வழியனுப்ப வந்த அந்தக் கட்டடத்திலிருந்து இப்போது தூத்துக்குடி விமானமும் புறப்படக்கூடும் என்பது உறைக்கும். ஆகவே ஓட்டுநரிடம் உள்நாடு, வெளிநாடு என்று சொல்வதை விட்டுவிட்டு, "டி4 புறப்பாடு" என்று எண்ணோடு சொல்லிப் பழகுவது முதல் வேலை. செயலி வழியே வண்டி பதிவு செய்பவர்கள் சேருமிடமாக வெறுமனே "சென்னை விமான நிலையம்" என்று கொடுக்காமல், முனையத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விமான நிறுவனங்கள் ஏன் இப்படி இடம் மாறுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், எப்போது மாறும் என்பதையும் ஓரளவு ஊகித்துவிடலாம். கட்டுமானமும் பராமரிப்பும் முதல் காரணம்: ஒரு கட்டடத்தை மூடினால் அங்கிருந்த விமானங்களுக்கு வேறு கூரை தேட வேண்டும். ஒரே குழுமத்தின் விமானங்களை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவருவது இன்னொரு காரணம். 2024 நவம்பரில் விஸ்தாரா நிறுவனம் ஏர் இந்தியாவோடு இணைந்ததைப் போன்ற மாற்றங்கள் நிகழும்போது கவுன்டர்களும் ஓய்வறைகளும் இடம் மாறுவது இயல்பே. நெரிசல் மூன்றாவது காரணம். இப்படி எதையாவது நகர்த்த வேண்டும் என்று வரும்போது, குறுந்தூர உள்நாட்டு விமானங்களை நகர்த்துவதுதான் எளிது. அவற்றுக்குக் குடியேற்றச் சோதனை வேண்டாம், சுங்கச் சோதனை வேண்டாம். சேலம், தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். ரகச் சிறு விமானங்களில் பயணிகள் பெரும்பாலும் பேருந்தில் போய்த்தான் ஏறுகிறார்கள் என்பதால், விமானம் எந்தக் கட்டடத்துக்கு அருகில் நிற்கிறது என்பதும் நிறுவனத்துக்குப் பெரிய விஷயம் இல்லை. நிறுவனத்துக்கு எளிதாக இருப்பதன் சுமை பயணியின் தலையில் விழுகிறது. தில்லிக்கு மூன்று மணி நேரத்துக்கு நெருக்கமாகப் பறக்கிறவர் முனையம் மாறி அரை மணி நேரத்தை இழந்தால் அது ஒரு எரிச்சல். ஒரு மணி நேரத்தில் திருச்சி போய்விடலாம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பியவருக்கு அதே அரை மணி நேரம் பயணத்தின் பாதி.

இந்தியாவின் மற்ற நகரங்களில் நடந்ததைப் பார்த்தால் இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது விளங்கும். தில்லியில் 2024 ஜூன் 28 அன்று டி1 முகப்பின் கூரை இடிந்து விழுந்தபோது, அங்கிருந்த விமானங்கள் அத்தனையும் டி2, டி3 முனையங்களுக்கு மாற்றப்பட்டன. 2025 ஏப்ரலில் பராமரிப்புப் பணிக்காக டி2 மூடப்பட்டபோது, அங்கிருந்தவை மறுபடி இடம் மாறின. அந்த ஆண்டு அக்டோபரில் டி2 திறக்கப்பட்டதும் மீண்டும் ஒரு மாற்றம். பதினாறு மாதங்களில் மூன்று மாற்றங்கள். ஜனவரியில் தில்லி போய்வந்த அனுபவத்தை வைத்து நவம்பரில் வண்டி பிடித்தவர் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

முன்கூட்டியே திட்டமிட்ட மாற்றங்கள் பல, விமான அட்டவணை மாறும் சமயத்தை ஒட்டி வருகின்றன. கோடைக்கால அட்டவணை மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையும், குளிர்கால அட்டவணை அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் தொடங்குகின்றன. பிப்ரவரியில் பதிவு செய்து ஏப்ரலில் பயணம் செய்பவரும், ஆகஸ்டில் பதிவு செய்து நவம்பரில் ஊருக்குப் போகிறவரும் இந்த எல்லைக் கோட்டைத் தாண்டுகிறார்கள்; அவர்கள் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

சீட்டில் உள்ள எண்ணை எவ்வளவு நம்பலாம்?

பயணச்சீட்டில் அச்சாகியிருக்கும் முனைய எண், நீங்கள் பதிவு செய்த நாளில் இருந்த நிலவரம் மட்டுமே. பேருந்து நிலையத்தில் பிளாட்பாரம் மாறுவதைப் போல அதுவும் மாறக்கூடியது என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எனவே ஒரு முறை பார்த்ததோடு நிறுத்தாமல், பயணத்துக்கு முந்தைய நாள் இணையம் வழியே செக்-இன் செய்யும்போது ஒரு முறையும், வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு முறையும் பார்த்துவிடுங்கள். பார்க்கும் இடமும் முக்கியம். விமான நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ இணையதளத்திலோ உங்கள் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அன்றைக்கு எடுத்த போர்டிங் பாஸில் இருக்கும் எண்ணையே இறுதியாகக் கொள்ளுங்கள். "எந்த நிறுவனம் எந்த டெர்மினல்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றிவரும் பட்டியலை நம்பாதீர்கள். அது எப்போது, யாரால் எழுதப்பட்டது என்பது தெரியாது. ஒரே நிறுவனத்தின் விமானங்கள் இரு முனையங்களில் பிரிந்திருக்கவும் கூடும் என்பதால், நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதே தவறு. உங்கள் விமான எண் எங்கிருந்து புறப்படுகிறது என்பதுதான் கேள்வி.

மாற்றம் நேரும்போது நிறுவனங்கள் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்புகின்றன. அவை யாருக்குப் போய்ச் சேருகின்றன என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. முகவர் மூலம் பதிவு செய்தால், அவர் தம்முடைய எண்ணையே கொடுத்துவிடுவது உண்டு. அமெரிக்காவில் இருக்கும் மகன் மாம்பலத்தில் இருக்கும் அம்மா அப்பாவுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தால், செய்தி அவனுடைய தொலைபேசிக்குப் போகும்; அங்கே நள்ளிரவு, அவன் தூங்கிக்கொண்டிருப்பான். பதிவு செய்யும்போதே பயணிப்பவரின் கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். விட்டுப்போயிருந்தால் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள பதிவு விவரப் பகுதியிலோ வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ சேர்த்துவிடலாம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. விமானம் ரத்தாகும்போது வழங்கப்படும் இழப்பீட்டை, தொடர்புகொள்ளப் போதிய விவரங்களைத் தராத பயணிக்கு வழங்க வேண்டியதில்லை என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதியே சொல்கிறது.

நேரக் கணக்கும் பெட்டியும்

உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடங்களுக்கு முன் கவுன்டரை மூடுகின்றன. விமானத்தில் ஏறும் வாயில் 25 நிமிடங்களுக்கு முன் மூடப்படுகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள 35 நிமிடங்கள் யாருக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் பெட்டி. முன்பே செக்-இன் செய்து, கைப்பை மட்டும் கொண்டுவந்தவருக்குக் கவுன்டர் மூடியது பற்றிக் கவலை இல்லை. பாதுகாப்புச் சோதனையை முடித்து வாயிலுக்குப் போய்விட்டால் போதும். பெட்டியைச் சரக்கில் போட வேண்டியவருக்கோ 60 நிமிடம் என்பது மாறாத கோடு. புறப்பாட்டுக்கு 70 நிமிடம் இருக்கும்போது இருவரும் தவறாக டி1 வாசலில் இறங்கினார்கள் என்று வையுங்கள். டி4 வரை நடந்து, வரிசையில் நின்று, உள்ளே போவதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். கைப்பைக்காரர் விமானத்தைப் பிடிப்பார். பெட்டிக்காரர் மூடிய கவுன்டர் முன் நின்று மன்றாடிக்கொண்டிருப்பார். எனவே முனையம் மாறியிருக்கிறது என்ற செய்தி வந்த பயணங்களில், இரண்டு மூன்று நாட்களுக்கான பொருட்கள்தான் என்றால், கைப்பைக்குள் அடக்கிவிடுவதே என் பரிந்துரை. ஏ.டி.ஆர். விமானங்களில் தலைக்கு மேலுள்ள பெட்டகம் சிறியது; உருளைப் பெட்டியை விமானத்தின் அருகிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கியபின் தருவார்கள். அது தாமதம் ஆகாது, பதற வேண்டாம்.

முகத்தைக் காட்டியே வாயிலைக் கடக்க உதவும் டிஜி யாத்ரா செயலியைப் பயன்படுத்துவோர், அன்றைய போர்டிங் பாஸையே அதில் பதிவேற்ற வேண்டும். முனையமோ விமான எண்ணோ மாறிப் புதிய போர்டிங் பாஸ் வந்திருந்தால், பழையதை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்ப்பதை வீட்டிலேயே செய்துவிடுங்கள். வாயிலில் பின்னால் வரிசை நிற்க, முகத்தைக் கருவியிடம் காட்டிக்கொண்டு செயலியைத் துழாவுவது யாருக்கும் நல்லதல்ல.

எப்படிப் போவது?

முனையம் உறுதியாகத் தெரியாத நாளில் மெட்ரோ ரயிலே சிறந்தது என்பது என் கருத்து. 2016 செப்டம்பரில் திறக்கப்பட்ட விமான நிலைய மெட்ரோ நிலையம் வளாகத்துக்குள்ளேயே இருப்பதாலும், அங்கிருந்து நடைமேம்பாலம் வழியே முனையங்களின் பக்கம் போக முடிவதாலும், கடைசி நிமிடத்தில் முனையம் மாறினாலும் திசையை மாற்றி நடந்தால் போதும். காரில் வந்தால் அப்படி இல்லை. புறப்பாட்டுப் பகுதிக்கான மேம்பாலம் ஒருவழிப் பாதை; உங்கள் முனையத்தைத் தாண்டிவிட்டால் வண்டியைப் பின்னால் எடுக்க முடியாது, ஜி.எஸ்.டி. சாலை வரை வந்து சுற்ற வேண்டியிருக்கும். காலை எட்டரை மணி ஜி.எஸ்.டி. சாலை எப்படி இருக்கும் என்று பல்லாவரத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரே குறை, மெட்ரோ அதிகாலை 5 மணி வாக்கில்தான் தொடங்குகிறது. ஆறு மணி விமானத்துக்கு அது உதவாது. அந்த நேரத்துக்கு வண்டிதான்.

புறநகர் ரயிலில் வருபவர்கள் திரிசூலம் நிலையத்தில் இறங்கி, சுரங்கப்பாதையில் சாலையைக் கடந்து வளாகத்துக்குள் வரலாம். செலவு மிகக் குறைவு. ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிகளில் ஏறி இறங்கி, அதன்பின் முனையம் வரை நடக்க வேண்டும் என்பதால் முதியவர்களுக்குச் சொல்ல மாட்டேன். தென்மாவட்டங்களிலிருந்து இரவுப் பேருந்தில் கிளாம்பாக்கம் வந்து, அங்கிருந்து மாநகரப் பேருந்தில் விமான நிலைய நிறுத்தத்தில் இறங்குவோருக்கும் இதே நடை காத்திருக்கிறது.

சக்கர நாற்காலி தேவைப்படுவோர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அந்த உதவியைத் தருவது விமான நிறுவனம். அதன் ஊழியர்கள் சரியான முனையத்தில்தான் காத்திருப்பார்கள். தவறான வாசலில் இறங்கிவிட்டால், அங்கே இருக்கும் வேறு நிறுவனத்தின் ஊழியர் உங்கள் அப்பாவை அடுத்த கட்டடம் வரை தள்ளிக்கொண்டு போகக் கடமைப்பட்டவர் அல்ல. வளாகத்துக்குள் பேட்டரி வண்டிகள் ஓடுகின்றன என்றாலும், அவசரத்தில் அவற்றை நம்பிக் காத்திருக்க முடியாது.

தவறான முனையத்தில் இறங்கிவிட்டீர்கள் என்றால், வாயிலில் வாதாடி ஒரு நொடியையும் வீணாக்காதீர்கள். பாதுகாப்பு வீரருக்கு விதிவிலக்குத் தர அதிகாரம் இல்லை. செக்-இன் செய்திராவிட்டால் நடந்துகொண்டே கைப்பேசியில் செய்துவிடுங்கள். கூட இருப்பவர்களில் வேகமாக நடக்கக்கூடிய ஒருவரைப் பெட்டியோடு முன்னே அனுப்பினால் பயன் இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. அவரவர் பெட்டிக்கு அவரவர் இருக்க வேண்டும் என்று கவுன்டரில் சொல்லக்கூடும், ஆனால் ஒருவர் முன்னால் போய் "இன்னும் மூன்று பேர் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று சொல்வதற்கு மதிப்பு உண்டு.

அழைத்துப்போக வருபவர்கள்

வருகையிலும் இதே குழப்பம்தான். பெங்களூரிலிருந்து வரும் மருமகன் டி4 வருகைப் பகுதியில் நிற்க, மாமனார் டி1 வாசலில் தேடிக்கொண்டிருப்பது நம் ஊரில் புதிதல்ல. வருபவர் அங்கே விமானத்தில் ஏறும்போதே, இறங்கும் முனையத்தையும் சேர்த்துச் செய்தி அனுப்பிவிட வேண்டும். செயலி வண்டிகளில் ஏற, பல அடுக்கு வாகன நிறுத்தக் கட்டடத்துக்குச் செல்ல வேண்டும் என்பதால், எங்கே இறங்கினாலும் ஒரு நடை இருக்கிறது. சொந்தக் காரில் அழைத்துப்போக வருபவர்களும் அந்தக் கட்டடத்தையே சந்திக்கும் இடமாக வைத்துக்கொண்டால் முனையம் பற்றிய கவலையே குறைந்துவிடும்.

மாற்று விமானம் பிடிப்பவர்கள்

மதுரையிலிருந்து வந்து சென்னையில் சிங்கப்பூர் விமானம் ஏறுபவர், டி1-லோ டி4-லோ இறங்கி டி2-க்குப் போக வேண்டும். இரண்டு பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால், பெட்டி கடைசி ஊர் வரை நேராகப் போகிறதா என்பதை மதுரைக் கவுன்டரிலேயே கேட்டு, பெட்டியில் ஒட்டும் சீட்டில் எந்த ஊரின் குறியீடு இருக்கிறது என்று பாருங்கள். தனித்தனிச் சீட்டுகள் என்றால், பெட்டியை எடுத்து, வெளியே வந்து, டி2-ல் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்; முதல் விமானம் தாமதமானாலோ முனையம் மாறினாலோ இரண்டாவது நிறுவனத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. விலை குறைவு என்று இரண்டு தனிச் சீட்டு எடுப்பவர்கள் இடையில் குறைந்தது நான்கு மணி நேரமாவது விடுங்கள். யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தூரத்தில் அது தில்லியைவிட எவ்வளவோ பக்கம்தான், ஆனாலும் வெளிநாட்டுப் பயணம், ஆகவே டி2, கூடவே அதற்குரிய முன்கூட்டிய வருகை.

தில்லியிலும் மும்பையிலும் மாறுபவர்கள் சென்னை அளவுகோலை மறந்துவிட வேண்டும். தில்லியில் டி1 தனியாகப் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டி2-வும் டி3-யும் மட்டுமே அருகருகே உள்ளன. இரண்டு பக்கத்துக்கும் மெட்ரோ உண்டு என்றாலும் அவை வெவ்வேறு தடங்கள். மும்பையில் டி1 சாந்தாகுரூஸ் பக்கம், டி2 சகார் பக்கம். இடையே நகரச் சாலை. அங்கே முனையம் மாறியது என்ற செய்தியை அலட்சியம் செய்தால், நடந்து சரிசெய்ய வழியே இல்லை.

வெளிநாட்டில் விசா என்ற இன்னொரு பக்கமும் சேர்ந்துகொள்ளும். கோலாலம்பூரில் ஏர் ஏசியா விமானங்கள் டி2-ல் இயங்குகின்றன. டி1-ல் இயங்கும் வேறொரு நிறுவனத்துக்குத் தனிச் சீட்டில் மாற வேண்டுமானால் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வந்து ரயிலில் போக வேண்டும், அதாவது மலேசியாவுக்குள் நுழையும் தகுதி உங்களிடம் இருக்க வேண்டும். லண்டன் ஹீத்ரோவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் விமானங்களை டி3, டி5 இரண்டிலும் வைத்திருக்கிறது. சென்னையிலிருந்து போய் அங்கே ஐரோப்பிய நகரம் ஒன்றுக்கான குறுந்தூர விமானத்துக்கு மாறுபவர், ஒரே சீட்டில் இருந்தால் மாற்றுப் பயணிகளுக்கான பேருந்திலேயே முனையம் மாறிவிடலாம்; ஆனால் இதற்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் மாற்றுப் பயண விசா தேவைப்படும். தனிச் சீட்டாக இருந்து பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருந்தால், இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்கு அதற்குரிய விசா வேண்டும். முதலில் சீட்டை எடுத்துவிட்டு, பிறகு இதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

விமானத்தைத் தவறவிட்டால்

முனைய மாற்றத்துக்கென்று தனியாக இழப்பீட்டுத் தொகை ஏதும் விதியில் குறிப்பிடப்படவில்லை. நிறுவனம் விமானத்தையே ரத்து செய்தாலோ, உங்களை ஏற்ற மறுத்தாலோதான் அந்த விதிகள் நேரடியாகப் பொருந்தும். நீங்கள் தாமதமாக வந்ததால் விமானத்தைத் தவறவிட்டதாகவே நிறுவனம் பதிவு செய்யும். அப்போதும் வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. பணம் திரும்பக் கிடைக்காத வகைச் சீட்டுக்கும் இது பொருந்தும். கேட்டால்தான் தருவார்கள், எனவே கேளுங்கள்.

மாற்றத்தை உங்களுக்குத் தெரிவிக்கவே இல்லை என்றால் நிலைமை வேறு. முதலில் கவுன்டரில் நிதானமாக விஷயத்தைச் சொல்லி, அதே நாளில் அடுத்த விமானத்தில் இடம் கேளுங்கள். குறுந்தூரத் தடங்களில் ஒரு நாளைக்குப் பல விமானங்கள் இருப்பதால் இது பல சமயம் நடக்கும். நடக்காவிட்டால், பழைய முனைய எண் உள்ள பயணச்சீட்டு, அன்றைய போர்டிங் பாஸ், குறுஞ்செய்திப் பெட்டியின் படம், வண்டிக்காரரின் ரசீதில் உள்ள இறங்கிய நேரம் ஆகியவற்றை அன்றே சேர்த்து வைத்துக்கொண்டு, நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் குறைதீர் அலுவலரும், அவருக்கு மேல் மேல்முறையீட்டு அலுவலரும் இருக்கிறார்கள். அவர்களின் விவரம் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். அங்கே பதில் திருப்தி தராவிட்டால், விமானப் பயணிகளின் புகார்களுக்கான மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதிவு செய்யலாம். அதற்கும் மேலே போக வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. பொருளுக்கோ சேவைக்கோ செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணமும் கிடையாது.